கப்பலில் வராத எஞ்சின்

துணுக்காயில் அரிசி ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் பத்து வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தேன். ஆலை இயந்திரத்தோடு அவருடைய காரும் என் பொறுப்பு. முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார். சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் வாங்கியிருந்தார். பித்தளை விளக்கு, நாலு கம்பிச் சில்லு, மடக்குகிற கன்வஸ் கூரை. அது வீதியில் போனால் வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை, மாதம் நிறையுமுன்பே என் மனைவிக்கு வலி கண்டது. இரத்தம் போகத் தொடங்கியது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னாள் மருத்துவிச்சி. ஓடிப்போய்க் காரைக் கேட்டேன். முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இப்பதான் சீட்டுக்குப் புதுத் தோல் போட்டது. ரத்தம் பட்டால் போகாது. வண்டிலைக் கட்டிக்கொண்டு போ."

வண்டில் மாங்குளத்தை எட்டுமுன்னமே பிள்ளை பிறந்தது. அழவில்லை. பெண் பிள்ளை.

நான் வேலையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று பலர் கேட்டார்கள். அவரைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்திருக்க வேண்டுமென்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காரின் எஞ்சின் வெடித்துப் பிளந்தது. சாமான் ஏற்றும் பழைய வான் ஒன்றின் எஞ்சினைத் தேடிப்பிடித்துப் பூட்டினேன். அதிலிருந்த நம்பரை அராவிவிட்டுக் காரின் பதிவுப் புத்தகத்திலுள்ள நம்பரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அவருடைய குடுமி அன்று என் கைக்கு வந்தது.

அறுபதுகளில் புதுக் கார் இறக்குமதி நின்றுபோனது. கொழும்பில் வசதியானவர்கள் பழைய கார்களைத் தேடிச் சேர்த்து, அலங்கரித்து, ஊர்வலம் விட்டார்கள். அப்படி ஒரு டாக்டர் காரை விலைக்கு வாங்கத் துணுக்காய்க்கே வந்தார். முதலாளி அயலவர்களைக் கூப்பிட்டு, வாசலில் கதிரை போட்டு, கப்பலில் வந்தபடியே ஓர் ஆணிகூட மாறவில்லை என்று அளந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது காரோட வந்த எஞ்சின்தானே?"

முதலாளி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"இல்லை ஐயா. வான் ஒண்டின்ர எஞ்சின். பூட்டினதும் நான், நம்பர் அடிச்சதும் நான். இவர்தான் அடிக்கச் சொன்னவர்."

டாக்டர் குனிந்து, கிறீசைத் துடைத்து, நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். அராவிய தடம் தெரிந்தது. தேநீரைத் தொடாமலே புறப்பட்டார். அயலவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"உனக்கு நான் என்னடா செய்தனான்?" என்று முதலாளி கேட்டார். அதுதான் என்னை இன்னும் சுட்டது. அவருக்கு ஞாபகமே இல்லை.

"தோல் சீட் இன்னும் பழுதாகேல்லை," என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆலைத் திறப்புக் கொத்தை அவருடைய மடியில் வைத்துவிட்டு வந்தேன். கிளிநொச்சியில் சொந்தமாக ஒரு கராஜ் போடும்வரை நாங்கள் பட்ட பாடு பெரிது. ஆனாலும் ஒருநாளும் மனம் வருந்தவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தாளின்ர முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.