ஒரேயொரு அங்கத்தவர்

கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கும் கனகசிங்கத்துக்குச் சங்கம் என்றால் உயிர். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று அவர் கால் வைத்த எதுவும் இரண்டாக உடையாமல் தப்பியதில்லை.

மகள் சஜிதா யூனிவர்சிற்றிக்கு விண்ணப்பிக்கிற வருசம், ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் யாரோ வாயை விட்டார்கள்: "மார்க்ஸ் மட்டும் காணாது அண்ணை, லீடர்ஷிப்பும் பாப்பினம்."

மனுசன் அடுத்த ஞாயிறே வீட்டு பேஸ்மென்ற்றில் 'இளையோர் பறவைகள் பாதுகாப்புச் சங்கம்' தொடங்கிவிட்டார். தலைவி சஜிதா. அவளுக்குத் தெரிந்த பறவை பொரித்த கோழி மட்டும்தான்.

வந்த பிள்ளைகளோடு தகப்பன்மாரும் வந்தார்கள். "என்ர மகன் தலைவர் இல்லையெண்டால் நாங்கள் வேற சங்கம் தொடங்குவம்" என்று ஒருவர் எழும்ப, மற்றவர்களும் எழும்பினார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கனகசிங்கம் விட்டுக்கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் இணைத்தலைவர்கள்!

"அப்ப ஆர் அப்பா அங்கத்தவர்?" என்று சஜிதா கேட்டாள். தகப்பன்மார் அவரவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவளே சொன்னாள்: "சரி, நான் இருக்கிறன்."

விண்ணப்பத்திலும் அதையே எழுதினாள்: எல்லாரும் தலைவர்களாக இருந்த சங்கத்தில் நான் ஒருத்திதான் அங்கத்தவர். கதிரை அடுக்கியதும் நான், குருவிக்குத் தீனி வைத்ததும் நான்.

இடம் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து கனகசிங்கத்தின் போன் ஓயவில்லை. "அண்ணை, எங்கட சின்னவனையும் வெறும் அங்கத்தவராப் போடேலுமோ?"

கனகசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பதவிக்கு இப்ப சரியான போட்டி. தேர்தல்தான் வைக்கவேணும்."