வரிசையின் மறுமுனையில் மைலோ

வேலியில் அடித்திருந்த ‘நடந்து வந்து வேட்டையாடலாம்’ பலகைகளைக் கண்டாலே லவோன் ஷோப்புக்கு எரிச்சல். ஆனால் அடிக்கச் சொன்னதே அவள்தான். கணவர் மைலோவுக்கு மறதி நோய் தொடங்கி உழவு நின்றுபோனதும், தெற்கு டகோட்டா மாநில வேட்டைத்துறையிலிருந்து ஆள் வந்தான். புல்லை வெட்டாமல் விடுங்கள், யார் வேண்டுமானாலும் நடந்து வந்து பறவை சுட்டுக்கொள்ளட்டும், அதற்கு ஏக்கருக்கு இவ்வளவென்று பணம் தருகிறோம் என்றான். நிலம் கையைவிட்டுப் போகாமல் இருந்தது அந்தப் பணத்தால்தான். மைலோவும் கையெழுத்துப் போட்டார், மறுநாளே மறந்தார்.

அக்டோபரில் வேட்டை சீசன் தொடங்கிய சனிக்கிழமை காலை. அவள் காபி ஊற்றிவிட்டுத் திரும்பினால் மனுஷனைக் காணோம். பழுப்பு வேலைக்கோட்டையும் காணோம். சுடுகிறவர்கள் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சு உடுப்பு மட்டும் கொக்கியில் தொங்கியது. அந்தக் கோட்டுக்கும் காய்ந்த புல்லுக்கும் ஒரே நிறம்.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். அங்கே சுடுகிற ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி லேசில் பறக்காது, புல்லுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நாலு பேர் வரிசையாக மிதித்து விரட்டுவார்கள், மறுமுனையில் ஒருவர் அசையாமல் நின்று மறிப்பார். ஆயுசு முழுக்க மைலோ நின்றது அந்த முனையில்தான். அப்போதெல்லாம் விரட்டி வந்தது தம்பிகளும் மச்சான்களும். இன்று வந்திருப்பது யாரோ வெளியூர்க்காரர்கள். எதிரே ஆள் நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"பாழாப்போன கிழவா!" என்று திட்டிக்கொண்டே பிக்கப் வண்டியைக் கிளப்பினாள். வண்டி நுழையக் கூடாது என்றது பலகை. அவள் அதை உரசிக்கொண்டு உள்ளே போனாள்.

மேடேறியதும் தெரிந்தது. நாலு ஆரஞ்சுத் தொப்பிகள் முனையை நெருங்கிவிட்டன. அவர்களுக்கு நேர் எதிரே, புல்லோடு புல்லாக மைலோ. அவள் குதித்து ஓடினாள்.

"நில்லுங்க! அங்க ஆளு நிக்குது!"

காற்றில் ஒன்றும் எடுபடவில்லை. ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். அவள் மூச்சிரைக்க இன்னும் கிட்டே ஓடுவதற்குள் ஒரு சேவல் படபடவென்று எழும்பி, தாழ்வாக, மைலோவை நோக்கியே பறந்தது. துப்பாக்கிகள் உயர்ந்தன. விளக்கிச் சொல்ல நேரமில்லை, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"பெட்டை! பெட்டை!"

அந்த ஊர்ச் சட்டப்படி சேவலைத்தான் சுடலாம், பெட்டையைச் சுடக் கூடாது. யாராவது அப்படிக் கத்திவிட்டால் மூளைக்கு எட்டும் முன்பே விரல் விசையை விட்டுவிடும். நாலு குழல்களும் வானத்தைப் பார்த்து நின்றன. சேவல் கொக்கரித்துக்கொண்டு தப்பியது.

புல்லுக்குள்ளிருந்து மைலோ முகம் சிவக்க வெளியே வந்தார். "ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? எம்மாம் பெரிய வாலு! அது பெட்டையா?"

கையசைத்தவன் மைலோவைப் பார்த்ததும் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களைத் தரையில் கொட்டினான்.

"தப்புதான் மைலோ, சரியாத் தெரியல," என்று லவோன் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரு இவனுங்க? நம்ம நிலத்துல யாரு விட்டது?"

"நான்தான்," என்றாள். "நான்தான் விட்டேன்." அவருடைய கோட்டுக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அழாத. கைக்கு எட்டின சேவல விட்டுட்டானுங்க, பாவம்." மைலோ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லு. நான் இங்கதான் நிப்பேன்."