மேல்வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்

பல் துலக்கிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பார் மேல்வீட்டம்மா. வாய் நிறைய நுரை. "ஏழெட்டு?" என்பது வெளியே வரும்போது குழாயில் அடைப்பு எடுக்கிற சத்தம் மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். "அம்பத்தாறு!" என்று உள்ளேயிருந்து மூன்று குரல் வரும். ஒரு குரல் தப்பாக வந்துவிட்டால் போதும், வாயைக்கூடக் கொப்பளிக்காமல் பிரஷ்ஷோடு உள்ளே ஓடுவார்.

கீழே எங்கள் பட்டறை. பழைய சோபாவைப் பிரித்துப் போட்டுப் புது உறை தைக்கிற தொழில். மேலே அவர்கள் வீடு. நடுவில் இருப்பது பேருக்குத்தான் தளம். அங்கே பென்சில் விழுந்தால் இங்கே தெரியும். வாய்ப்பாடு, வரலாறு, ஜெபம், சண்டை எல்லாம் எங்கள் தலை வழியாகத்தான் போகும். மிஷினில் உட்கார்ந்து தைக்கிற எங்கள் ஆள் கையெழுத்துப் போடத் தடுமாறுவான். அவனுக்கு இப்போது கிரகங்களின் வரிசையைத் தலைகீழாகச் சொல்லத் தெரியும். பட்டறைக்காரர்கள் அந்தம்மாவுக்கு வைத்த பேர் ஹெட்மிஸ்ட்ரஸ். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "சம்பளம் மட்டும்தான் இன்னும் வந்து சேரலைண்ணே," என்பார்.

பெரியவளுக்குப் பதினாலு வயது. அடுத்தது பையன். கடைசியில் ஒரு வாயாடிப் பெண். மூன்று பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வசதிக் குறைவு ஒன்றுமில்லை, பக்திதான் காரணம். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவருக்கும் அதே பக்தி. விடிந்ததும் ஜெபம், படுக்கப்போகும்போது ஜெபம், ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஒன்று. கணக்குக்கு மட்டும் இரண்டு. அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"ஒண்ணு பிள்ளைங்களுக்குண்ணே. இன்னொண்ணு எனக்கு. பின்னம் எனக்கே இன்னும் பிடிபடலை."

ஏன் அனுப்பவில்லை என்றும் ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கே நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கசந்துபோனது. அதனால் குற்றமாகக் கேட்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைங்களை ஆண்டவர் என் கையிலதாண்ணே கொடுத்தாரு. காலைல வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, சாயங்காலம் மிச்சத்தை வாங்கி வெச்சுக்க என்னால முடியாது." கிளிப் திரும்பவும் வாய்க்குப் போய்விட்டது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுப்படிதான் வகுப்பறை. உலக வரைபடம் அடுப்புக்கு மேலே. குக்கர் ஆவி பட்டுப் பட்டு ஒரு கண்டமே உப்பிக் கிடக்கிறது. மாவு பிசைகிற கையாலேயே அதில் ஆற்றைக் காட்டுவார். ஆறு போகிற வழியெல்லாம் மாவு. கடைக்குட்டியைப் பொறுத்தவரை லீவு என்றால் அம்மாவுக்குக் காய்ச்சல். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் "நாளைக்கு எங்களுக்கு லீவு!" என்று குதித்துக்கொண்டு வந்தபோது, இவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அய்யய்யோ, உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையா?" என்று விசாரித்தாள்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போகாது. பையனுக்கு எழுத்து ஏறவே இல்லை. ஒன்பது வயது முடிந்தும் ஒரு வரியைக் கூட்டிப் படிக்க மாட்டான். பக்கத்தைத் திறந்தால் கொட்டாவி, வயிற்றுவலி, ஒன்றுக்கு வருகிறது. அந்தம்மா பொறுத்துப் பார்ப்பார், பொறுத்துப் பார்ப்பார், அப்புறம் புத்தகத்தை வீசுகிற சத்தம் எங்கள் தலைமேல் விழும். "உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது!" என்று ஒரு கத்தல். நாங்கள் கத்தரியைக் கீழே வைத்துவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் முழங்கால் படுகிற சத்தம் கேட்கும். "அம்மா கத்தினது தப்புடா. மன்னிச்சிரு." பையன் உடனே சொல்லிவிடுவான்: "பரவாயில்லம்மா, இன்னிக்குப் படிப்பு வேண்டாம்."

பெரியவளுக்கு வேறு குறை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மாடிப்படியில் வந்து உட்காருவாள். தெருவில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டு போவார்கள். இவள் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு பார்ப்பாள். கடைசிப் பெண் திரும்பி மறைகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அந்தம்மா இதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், ஜன்னலிலிருந்து. கூப்பிட மாட்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தன் பாடத்தை முடித்தவர் விளையாடப் போக முடியாது. திணறுகிற ஆள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றும் முடித்தால்தான் வகுப்பு முடிந்தது. "தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருக்கறது பாவம்," என்பார். சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை. பொய், திருட்டு என்று அவர் சொல்கிற வரிசையிலேயே இதுவும் வரும். சட்டம் பலித்தும் இருக்கிறது. தம்பிக்கு எழுத்து வந்தது பெரியவளால்தான். மொட்டை மாடியில் அவனை நிறுத்தி, போகிற வருகிற பஸ்ஸின் பலகையை எல்லாம் படிக்க வைத்தாள். அப்பா ஓட்டுவது பஸ் என்பதால் பையனுக்கு அதில் ஒரு மோகம். ஒருநாள் நாலு பேருமாகக் கீழே இறங்கி வந்து எங்கள் பட்டறை வாசலில் நின்றார்கள். பையன் எங்கள் போர்டை மேலிருந்து கீழ்வரை, போன் நம்பர் உட்பட, படித்தான். அந்தம்மா, "இன்னொரு தடவை படிடா," என்றார். இன்னொரு தடவை படித்தான். எங்கள் போர்டுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை.

டிரைவருக்குத்தான் மனசு ஆடிவிட்டது. போன வருஷம் படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் பேசியது என் காதில் விழுந்தது.

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் சர்டிபிகேட்டோட நிக்குது. நம்ம பிள்ளைங்க கையில என்ன இருக்கு?"

"நல்ல குணம் இருக்குங்க. பக்தி இருக்கு."

"அதைக் காட்டினா வேலை குடுப்பானா? ஒரே ஒரு பரீட்சை. பள்ளிக்கூடம் போகாமலே வெளியில இருந்து எழுதலாமாம். பெரியவ எழுதிப் பாஸ் பண்ணட்டும், நீயே எல்லாரையும் படிக்க வை, நான் வாயே திறக்கல. இல்லேன்னா மூணும் பள்ளிக்கூடம்."

"நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

"நானும் ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேன்."

இரண்டு கட்சிக்கும் வக்கீல் ஒருவரே என்றால் வழக்கு எங்கே நகரும்? கடைசியில் அந்தம்மா சரி என்றார். அன்றிலிருந்து அம்மாவும் மகளுமாகப் படித்தார்கள். மகள் படுத்தபிறகும் அந்தம்மா பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பரீட்சையை ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள். மொழிப் பரீட்சை நல்லபடியாகப் போனது. கணக்குப் பரீட்சையன்று, முடிகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள். மேலே பேச்சு கேட்டது, அப்புறம் அந்தம்மா செருப்பில்லாமல் கீழே வந்தார்.

"அண்ணே, வண்டி இருக்கா? பரீட்சை ஹாலுக்குப் போகணும். அவரு ட்யூட்டில இருக்காரு. அம்மாவைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிச்சுட்டாங்க."

சோபா ஏற்றுகிற வண்டியில் மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு போனோம். பள்ளிக்கூடத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஓர் ஆள், பரீட்சைக்கெல்லாம் பெரிய அதிகாரி, எங்கள் இருவருக்கும் நாற்காலி காட்டினார். "அம்மா, அப்பா உட்காருங்க."

"இவரு அப்பா இல்லைங்க. வண்டி ஓட்டிட்டு வந்தவரு," என்றார் அந்தம்மா. அந்த நேரத்திலும் உண்மை. என் நாற்காலி போனது. கதவோரம் நின்றுகொண்டேன்.

"உங்க பொண்ணு பக்கத்துல இருந்த பொண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்திருக்கு. பேரை எழுதி மேல அனுப்பினேன்னா முழுப் பரீட்சையும் ரத்து, தெரியுமா?"

"தெரியாம செஞ்சிருப்பா சார்."

"இல்லம்மா, தெரிஞ்சுதான் செஞ்சேன்," என்றாள் பெண். அதிகாரியின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது.

"என்னது?"

"பார்த்து எழுதக்கூடாதுன்னு சொன்னாங்க சார். நான் யாரையும் பார்க்கல. எனக்கு முடிஞ்சிருச்சு. அந்த அக்கா பின்னத்துல மாட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. அதான்."

ஹாலில் காவல் இருந்த டீச்சரம்மாவும் அங்கே இருந்தார். அவருக்கு ஆற்றாமை. "கிசுகிசுன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல சார். எழுந்து போய் அந்தப் பொண்ணு பெஞ்சுல உட்கார்ந்துட்டா! 'அழாதீங்க, கீழ இருக்கற எண்ணை முதல்ல சமமாக்குங்க'ன்னு, ஊருக்கே கேக்கற மாதிரி!"

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். சிரித்துவிட்டால் அசிங்கம்.

"ஏம்மா, நீங்க வீட்ல பரீட்சையே வைக்கறதில்லையா?"

"வைப்பேன் சார். முடிச்சவங்க, முடிக்காதவங்க பக்கத்துல போய்ச் சொல்லிக்கொடுக்கணும்."

"அதுக்குப் பேரு பரீட்சை இல்லம்மா. குடும்பம்."

அந்தம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "என் தப்பு சார். எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், இதைச் சொல்லிக்கொடுக்கல. அவளை விட்டுருங்க."

"பரீட்சை எழுதறது நீங்க இல்லையே. அவ சொல்லட்டும். செஞ்சது தப்பு, இனிமே செய்யமாட்டேன்னு. அவ பேப்பரை முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கா, அதை நான் ஏத்துக்கறேன். மிச்சப் பரீட்சையும் எழுதட்டும். சொல்லலைன்னா எனக்கு வேற வழி கிடையாது."

பெண் அதிகாரியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லுடி."

"தப்புன்னு சொன்னா அது பொய் ஆகாதாம்மா?"

பொய் பாவம் என்று சொல்லிக்கொடுத்தவரும் அந்தம்மாதான். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் பாவம் என்றவரும் அவர்தான். பரீட்சை ரத்தானால் டிரைவர் சொன்னபடி மூன்று பிள்ளைகளும் நாளைக்கே கையை விட்டுப் போய்விடும். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார்.

"இந்த இடத்துல அது தப்பும்மா."

"அப்போ இனிமே எங்கேயுமே சொல்லிக்குடுக்கக் கூடாதா? இங்க மட்டுமா?"

"இங்க மட்டும்."

பெண் திரும்பினாள். "இங்க அது தப்பு சார். இங்க இனிமே செய்யமாட்டேன்."

அதிகாரி கோபப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "போம்மா. நாளைக்கு நேரத்தோட வந்து சேரு."

திரும்பி வரும்போது பாதி வழியில் அந்தம்மா கேட்டார்.

"அந்தப் பொண்ணு கணக்கைப் போட்டு முடிச்சிடுச்சா?"

"இல்லம்மா. பாதியிலயே என்னை எழுப்பிட்டாங்க."

"ச்சே," என்றார் அந்தம்மா.

மறுநாள் அறிவியல். டிரைவர் முதல் பஸ்ஸை எடுக்கப் போய்விட்டதால் அம்மாவையும் மகளையும் நானே கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம். பெண் வலது கையில் பேனாவும் மார்போடு அணைத்த பரீட்சை அட்டையுமாக இறங்கினாள். கணக்குப் பரீட்சையில் அழுத பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், இவளைவிட உயரமாக ஒருத்தி, அந்தப் பக்கமிருந்து இவளைப் பார்த்துச் சிரித்தாள். இவள் முகம் அப்படியே மலர்ந்தது. இடது கையைத் தூக்கி ஆட்டினாள். ஒரு தோழி கிடைத்த கை எப்படி ஆடுமோ அப்படி.

அந்தம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்தார். கீழே இறக்கினார். அட்டையைக் கிடையாகத் திருப்பி, மகளின் இடது முழங்கையை மடக்கி, விடைத்தாள் வைக்கிற இடத்தைச் சுற்றி வேலி மாதிரி அந்தக் கையை வளைத்து வைத்தார்.

"இப்படி வெச்சுக்கோ. தலையைக் குனிஞ்சுக்கோ. யாரு அழுதாலும் நிமிராதே."

பெண் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். கை மெல்ல நழுவி இறங்கியது. அந்தம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலேயே, அதை மறுபடி எடுத்து அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.