மனு பார்க்க வந்தவள்

எங்கள் தெருவில் யார் வீட்டு ஆளையாவது பிடித்து உள்ளே வைத்துவிட்டால், என்ன கொண்டு போகலாம், எப்படிப் பார்க்கலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஜெயிலில் மனுக் கொடுத்து ஆளைப் பார்க்கிற, அந்த மனு பார்க்கிற படிப்பை மட்டும் சின்ன வயதிலேயே முடித்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்வேன்.

சமைத்த சோறு எடுத்துப் போகாதே, உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட்டைப் பிரித்து, வெளியே தெரிகிற கவரில் கொட்டிக்கொள். சோப்பை இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள், நீயே வெட்டிக்கொண்டு போ. ஆப்பிளைக் கத்தியால் கீறுவார்கள், சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும், வாழைப்பழம் வாங்கு. ஆதார் அட்டை அசல் வேண்டும். போனை எதிர்த்த டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போ. உள்ளே இரண்டு கம்பிவலை இருக்கும். அந்த வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்த வலைக்கு இந்தப் பக்கம் நீ, நடுவில் வார்டர் நடப்பார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நீயும் கத்தினால்தான் கேட்கும். ரகசியம் இருந்தால் அங்கே பேச முடியாது.

கடைசியாக ஒன்று சொல்வேன். திரும்பும்போது ‘வரேன்’ என்று சொல்லாதே. வலைக்கு முன்னாலும் சொல்லாதே, வாசலிலும் சொல்லாதே. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வரேன் என்பதுதான் நம் வழக்கம். போறேன் என்றால் பெரியவர்கள் வைவார்கள். ஜெயிலில் அது தலைகீழ். வரேன் என்றால் மறுபடி வரவேண்டியதாகிவிடும். பேசாமல் திரும்பி நட.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அம்மா. முதல் தடவை செங்கல்பட்டு ஜெயிலில் அப்பாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, “வரேம்பா” என்றேன். அம்மா என்னை வாசலுக்குக் கொண்டுவந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். காரணத்தை அப்புறம்தான் சொன்னாள்.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். படாளத்தில் ஆள் ஏற்றி மறைமலைநகரில் இறக்குவார். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். ஜி.எஸ்.டி. ரோடு, நேர் வழி. அவருடைய வேலைக்கும் கடலோரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் சண்டை நடந்தது கல்பாக்கத்தைத் தாண்டி ஒரு கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையில். மீன்கடைக்காரர் ஒருவரை அடித்துக் கையை உடைத்துவிட்டார் என்று கேஸ்.

பஸ்ஸுக்குக் குறுக்கே படுத்திருக்கிற மாட்டைக்கூடத் திட்டாத ஆள் அப்பா. இறங்கிப் போய்த் தட்டி எழுப்புவார். அவர் ஏன் அடித்தார் என்றுதான் மற்றவர்கள் கேட்டார்கள். அம்மா அதைக் கேட்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒனக்கு அங்க இன்னா வேலை?”

அப்பா பதில் சொல்லவில்லை. போலீசிலும் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. மாதா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸை சர்வீஸுக்கு விடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போவார்.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். பஸ் முதலாளி ஒருவர் வருகிறேன் என்றார். இன்னொருவர் என் பெரிய மாமாதான். அம்மாவின் அண்ணன். எங்கள் சனத்தில் சொந்தப் பெயரில் வீடும் வீட்டு வரி ரசீதும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். எதற்குப் போனான் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு அவன் எங்கேயாவது போய்விட்டால் என் வீடு என்ன ஆகும் என்றார். தப்பு சொல்ல முடியாது. அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள். அப்பா வாயைத் திறந்தால் வெளியே வரலாம். திறக்கவில்லை.

ஒரு மனு நாள் தவறி, அடுத்ததற்கு நாங்கள் போனபோது ஜன்னலில் இருந்த வார்டர் அம்மாவின் ஆதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு மனுதான், இவருக்கு இன்றைக்கு முடிந்துவிட்டது என்றார்.

யார் பார்த்தது என்று அம்மா கேட்டாள்.

“கூடப்பொறந்தவங்கன்னு சொன்னாங்க. பர்தா போட்டுகினு வந்தாங்க. போன வாட்டியும் அவங்க வந்தாங்களே.”

“அவருக்குக் கூடப்பொறந்தவ யாரும் இல்லியே சார்.”

வார்டர் சிரித்தார். “இங்க வர்றவங்க எல்லாம் கூடப்பொறந்தவங்கதாம்மா. வேற இன்னான்னு சொன்னா உள்ள வுடுவோம்?”

வரிசையில் பின்னால் நின்ற பெண், தன் வீட்டுக்காரருக்கும் அந்த மாதிரி மூன்று தங்கச்சி இருப்பதாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவைப் பெண் கேட்டு வந்தபோதே, ஒரே பிள்ளை, அக்கா தங்கச்சி கிடையாது என்று சொல்லித்தான் கேட்டார்களாம். அப்பாவின் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். தாத்தா செத்த பிறகு அந்த ஊரோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. தெருக்குழாயில் மற்ற பெண்கள் நாத்தனார்மார்களைத் திட்டும்போது, அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்பாள். எனக்கு அந்தக் கொடுமை இல்லப்பா என்பாள். அம்மாவுக்கு இருந்த பெருமையே அது ஒன்றுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் சட்டைகளை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும், துவைத்தவள் அவளேதான். பிறகு தூக்குவாளியைப் பார்த்தாள். நோன்பு மாதத்தில் ஒருநாள் அப்பா அந்த வாளி நிறைய நோன்புக்கஞ்சி கொண்டு வருவார். கூட வேலை செய்கிறவர் கொடுத்தார் என்பார். நானும் அம்மாவும் போட்டி போட்டுக்கொண்டு குடிப்போம். வழித்து நக்குவோம்.

“அவ கையால பொங்கனதத்தான் நாம நக்கித் துன்னுகினு இருந்தோம்” என்றாள். வாளியை வெளியே வீசினாள். எனக்கு அந்தக் கஞ்சி பிடிக்கும். அதை வெளியே சொல்லப் பயமாக இருந்தது.

மாமாவிடம் ரசீது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உள்ளேயே கிடக்கட்டும் என்றாள். மாமாவும் வற்புறுத்தவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் பர்தா போட்ட யார் வந்தாலும் நான் உற்றுப் பார்ப்பேன். முகம் தெரியாதவர்களின் காலைப் பார்ப்பேன். இவளாக இருக்குமோ என்று. எங்கள் கணக்கு டீச்சரின் கால்கூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அதற்கு அடுத்த மனு நாளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினாள். பஸ்ஸில் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனை டீக்கடையில் கொடுத்துவிட்டு, ஜெயிலுக்கு எதிரே பழவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டோம். பழக்காரர் ஏதாவது வாங்கினால்தான் அங்கே நிற்கலாம் என்பது போலப் பார்த்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பர்தா போட்டவள் கல்பாக்கம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் மூடியிருந்தது. கையில் பை. நேராக டீக்கடைக்குப் போய் போனைக் கொடுத்தாள். பிறகு வாசலுக்கு வந்து ஆதாரை நீட்டினாள். யார் வேண்டும் என்று வார்டர் கேட்டதும் அப்பாவின் பெயரைச் சொன்னாள். என்ன வேண்டும் அவருக்கு நீங்கள் என்றதும், கூடப்பொறந்தவ என்றாள்.

அம்மா குறுக்கே போய் நின்றாள். “நான் அவரு சம்சாரம். அவருக்குக் கூடப்பொறந்தவ எவளும் இல்ல.”

வார்டருக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. யாராவது ஒருத்தர்தான் போகலாம், உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. ஆதாரை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“நீங்க போங்க அண்ணி.”

தெருவில் எல்லாருக்கும் அம்மா அக்கா, இல்லாவிட்டால் அத்தை. அண்ணி என்று கூப்பிட ஆள் கிடையாது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “யாருக்கு யாருடி அண்ணி” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். அந்தப் பெண் பையை என் கையில் கொடுத்தாள். பிஸ்கட் பிரித்துக் கவரில் கொட்டியிருந்தது. சோப்பு இரண்டாக வெட்டியிருந்தது. எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

உள்ளே அப்பா இளைத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ரகசியமாகக் கேட்க வேண்டியதை அம்மா கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“யாரு அவ?”

பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா வலையைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. ஊமைக்குப் பேச்சு வருகிறமாதிரி இருந்தது. அம்மா மறுபடி கத்தினாள். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு அவளோடு உனக்கு என்ன என்று கேட்டாள். சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் அதில் இருந்தது.

அப்பா கேட்டார். “எங்க கீறா?”

“வெளிய.”

“வெயில்ல நிக்க வுடாத.”

அவ்வளவுதான் சொன்னார். நேரம் இருந்தும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன், வரேன் என்று வாயில் வந்துவிடக் கூடாதே என்று.

வெளியே புங்கமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிப்பதற்காக முகத்திரையைத் தூக்கியிருந்தாள். அம்மா வேகமாகப் போனாள். பஸ்ஸில் வாயசைத்துச் சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது கொட்டப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கிட்டே போய்ச் சட்டென்று நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். மறுபடி என்னை.

எதற்கு என்னைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகுகிறதோ என்று பாவாடையால் துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணை எங்கேயோ அடிக்கடி பார்த்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

அம்மா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“வூட்ட வுட்டு எப்ப போன?”

“ஒங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணி.”

மெதுவாகத்தான் பேசினாள். கடலோரத்தில் கடை வைத்திருந்த பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். தாத்தா அப்பாவைக் கூப்பிட்டு, கற்பூரம் ஏற்றி, எனக்குக் கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்று வாயால் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாராம். ஊரும் அதோடு வாயை மூடிக்கொண்டது.

“பாக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கல. நைனாவுக்கு அது தோணல. அதான் அண்ணன் மாசம் ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போவாரு. வாயால மட்டும் யார்கிட்டயும் சொன்னது இல்ல.”

மீன்கடைக்காரருக்கு அது தெரியாது. மாதா மாதம் ஒரு ஆள் அந்த வீட்டுக்கு வந்து போவதைப் பார்த்தார். நடுத்தெருவில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை என்ன என்று அம்மா கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“நீங்க இன்னா நெனச்சீங்களோ, அதத்தான் அவன் சொன்னான்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மண்ணில் விரலால் கோடு போட்டாள். அழித்தாள். நீ போலீசில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். சொல்லுகிறேன் என்றுதான் சொன்னேன், உன் வீட்டு வாசலில் பேச்சு வரும், சும்மா இரு என்று அண்ணன் தடுத்துவிட்டார் என்றாள். ஆனால் இந்த வாசலில், வார்டர் கேட்கும்போதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன் என்றாள்.

டீக்கடையிலிருந்து எங்கள் போனை வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அப்படியே அத்தைக்கு ஒரு மோர் என்றாள். நான் இரண்டையும் கொண்டு வந்தேன். அம்மா பெரிய மாமாவைக் கூப்பிட்டாள். நாளைக்கு வீட்டு ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வா என்றாள். அவர் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

“அவரு கூடப்பொறந்தவ வூட்டுக்குப் போயிருந்தாரு” என்றாள் அம்மா. சத்தமாகவே சொன்னாள். பழக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா நம்பவில்லை போலிருக்கிறது. “இருக்காண்ணா. என் பக்கத்துலதான் ஒக்காந்துகினு கீறா” என்றாள்.

மறுநாள் அப்பா வெளியே வந்தார். அது வேறு கதை.

அன்றைக்குக் கல்பாக்கம் பஸ் வந்து நின்றதும் அந்தப் பெண் எழுந்தாள். மண்ணைத் தட்டிவிட்டு முகத்திரையை இறக்கிக்கொண்டாள். ஜெயில் வாசலுக்கு நேர் எதிரே, வார்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கன்னத்தில் கைபோட்டுத் தடவிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

“வரேன் அண்ணி.”

அம்மாவின் கையைப் பார்த்தேன். கை எழும்பவில்லை.

“வா” என்றாள் அம்மா.

பாலாற்றுப் பாலம் தாண்டுகிறவரை நான் அம்மாவிடம் பேசவில்லை. அதே வாசல். அதே வார்த்தை. எனக்கு மட்டும் அறை.