வலப்பக்கம் வெறும் வெள்ளை

இணைய விளம்பரங்களை மறைக்கும் மென்பொருள் ஒன்று கையில் கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, எங்கள் ஊரான தன்னாமுனையில் ஓர் அண்ணனின் நெற் கஃபேயில் உதவிக்கு நின்ற காலம். எல்லாக் கணினிகளிலும் அதை ஏற்றிவிட்டேன். போர் முடிந்த மாதங்கள் அவை. செய்தி பார்க்கவே பயம். விளம்பரம் ஒன்று திடீரென்று பாட்டோடு திறந்தால், வீதியில் நிற்கும் ஆமிக்காரன் எட்டிப் பார்ப்பான்.

"விளம்பரத்தில சீவிக்கிற சனத்தின்ர வயித்தில அடிக்கிறாய்டா," என்றார் அண்ணன்.

"என்ர கண். எதப் பாக்கிறதெண்டு நான்தானே சொல்லணும்?"

"ஓ, பெரிய நீதவான்! எங்கட கடைப் பலகையையும் கழட்டிப் போடன்."

முன்வீட்டு அக்கா தினமும் வருவார். லொறியோடு போர் நடந்த வன்னிக்குப் போன கணவர் திரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து நடக்கும் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, கணவரின் பெயர் எங்கும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலோடு எழும்பிப் போவார்.

ஒருநாள் வந்தவர் உட்காரவில்லை.

"தம்பி, கனடாவில இரிக்கிற மச்சாள் கோல் எடுத்தவ. நான் வாசிக்கிற செய்தித்தளத்தில வலப்பக்கம் படம் படமாப் போட்டிரிக்காமே? எனக்கு வெறும் வெள்ளைதானே தெரியிது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரண அறிவித்தல்கள், காணாமற்போனோர் படங்கள் எல்லாம் அந்தத் தளத்துக்கு விளம்பரங்கள்தாம். யாராவது ஒருவர் கண்டுவிடமாட்டாரா என்று உறவினர் பணம் கட்டிப் போட்டவை. தளம் ஓடியதும் அந்தக் காசில்தான். என் மென்பொருளுக்குச் சவர்க்காரமும் சவமும் ஒன்று.

"மச்சாள் ஆரையும் கண்டவவா, அக்கா?"

"சொல்லல்ல. நீயே பாரெண்டு போனை வெச்சிட்டா."

சுனாமியின்போது அக்கா தன் தாயைக் கண்டது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த சவங்களின் படங்களில். அது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

"திறக்கட்டா?"

என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு, "ஓம், திறங்க."

மறைப்பை எடுத்தேன். இணைப்பு மெதுவானது, முதல் படம் மேலிருந்து கோடுகோடாக இறங்கியது. தலைமயிர். நெற்றி. அக்கா என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தார். புருவம்.

"இவரில்ல."

அதற்குக் கீழே இன்னொரு தலைமயிர் இறங்கத் தொடங்கியது.

"போதும் அக்கா. மூடி விடட்டா?"

"சும்மா இரிங்க, தம்பி. கீழ போங்க."

கீழே போனேன். இன்னும் நிறைய இருந்தன.