பஞ்சர் அக்காவுக்கு வந்த பயங்கள்

பஞ்சர் அக்காவுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. புழுதிப் புயலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறி ஒட்டுப் போடுகிற பொம்பளை அவள். அவள் இருக்கிற கிரகத்தில் காற்று கம்மி. வீடுகளுக்கெல்லாம் ரப்பர் துணிக் கூரைதான்; உள்ளே காற்றடித்து உப்ப வைத்திருப்பார்கள். பொத்தல் விழுந்தால் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து நிற்கிற இடம் அக்காவின் கடை. லாரி டியூபா, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார். கூரையா, சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார். பிறகு சுரண்டு, சொல்யூஷன் பசை பூசு, காயவிடு, ஒட்டு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வேலையை வைத்துத்தான் மகளை ஆளாக்கினாள். யாரிடமும் போய் நின்றதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று பயம் வர ஆரம்பித்தது. அதுவும் வாரத்துக்கு ஒரு புதுப் பயம்.

இங்கே ஆட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கிரகத்தை ஆள்வது கவசக்காரர்களின் சபை. முதலில் குடியேறியவர்களைப் புழுதிக்குள்ளிருந்து வந்த மிருகங்கள் இழுத்துக்கொண்டு போன காலத்தில், வாளெடுத்துக் காத்து நின்றவர்கள் இவர்கள். மிருகங்கள் ஒழிந்தன, இவர்கள் ஒழியவில்லை. ஆனாலும் ஒரு பழைய சட்டத்தை விடாமல் வைத்திருந்தார்கள். கவசக்காரர் ஒருவரின் இரும்புக் கையுறையைப் பிடித்து "எனக்குப் பயமா இருக்கு" என்று யார் சொன்னாலும், அவர் உடனே கூடப் போய்க் காவல் நிற்க வேண்டும். என்ன பயமாக இருந்தாலும் சிரிக்கக் கூடாது. பயந்த ஆள் மறுபடி அந்தக் கையைப் பிடித்து, "பயம் தீர்ந்தது" என்று தன் வாயால் சொல்லிக் கையை விட்டால்தான் அவருக்கு விடுதலை.

அக்காவின் மகள் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சபையில் சேர்ந்தாள். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். மகளும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே, பிடித்த பிடியை விடவில்லை. சபையில் சேர்ந்தால் பெயர் போயிற்று, உறவு போயிற்று. ஊரார் முன்னால் தலைக்கவசம் கழலாது. அதன் வாய்ச் சல்லடை வழியாக வருகிற குரல் ஆணோ பெண்ணோ எல்லாருக்கும் ஒன்றுதான், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல. சொந்தக்காரர் அடையாளம் கண்டுகொண்டார் என்று தெரிந்தால் அந்த வீரரை வடகோடிப் பனிச்சாவடிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர் திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை.

ஒருநாள் பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர் வந்து காதைக் கடித்தார். "தங்கச்சி, கவசக்காரங்க கோட்டைக்குப் புது ஆளுங்க வந்திருக்காங்க. அதுல நம்ம ஊர்ப் புள்ள ஒண்ணு இருக்காம்."

மறுநாளே அக்காவுக்கு முதல் பயம் வந்துவிட்டது.

கூரையில் ஏதோ ஊர்கிறது என்று ஒரு கவசக்காரரைக் கூட்டிவந்தாள். வந்தவர் வாசலில் குறுக்கே கிடந்த கம்ப்ரஸர் ஹோஸ் தடுக்கிக் குப்புற விழுந்தார். பாத்திர அலமாரியே சரிந்த மாதிரி சத்தம். எழுந்து, ஒன்றும் நடக்காதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் இரண்டாம் நிலாவின் நிழலுக்குப் பயம். இன்னொரு கவசக்காரர் வந்து, ஹோஸ் தடுக்கி டயர் அடுக்கின்மேல் விழுந்தார். அதற்கடுத்த வாரம் கம்ப்ரஸர் வெடித்துவிடுமோ என்று பயம். மூன்றாவதாக வந்த மனுஷர் விழுந்தெழுந்து, பொழுது சாய்கிறவரை அவளுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே கேடயத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். வாடிக்கைக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

டீ கொடுப்பாள், பேச்சுக் கொடுப்பாள், நடையைப் பார்ப்பாள். அத்தனையும் இரும்பு. யார் பெற்ற பிள்ளை என்று எதை வைத்துச் சொல்வது?

"அடுத்த வாரம் எதுக்கும்மா பயப்படப் போற?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"யோசிச்சுக்கிட்டு இருக்கேண்ணே."

அதற்குள் கோட்டைத் தலைவரே கடைக்கு வந்துவிட்டார். அவர் ஒருவர்தான் தடுக்கி விழவில்லை. கவனமாக வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "அம்மா, உங்க பயத்தப் பத்தித்தான் கோட்டையில ஒரே பேச்சு. இன்னொரு தடவை பொய்னு தெரிஞ்சா, அப்புறம் நெஜமாவே மிருகம் வந்து நின்னாலும் எங்க ஆளுங்க வரமாட்டாங்க."

இனி ஒரே தடவை. அக்கா தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். அங்கே கவசக்காரர்கள் வரிசையாகக் காவல் நின்றார்கள். இந்தத் தடவை பொய் எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் நின்றவரின் கையைப் பிடித்தாள். "எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு கடைக்கு வந்து சொல்றேன்."

கடைக்கு வந்தார்கள். முன்னால் போன அக்கா, பின்னால் விழப்போகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அந்த இரும்பு உருவம் குனிந்துகூடப் பாராமல் ஹோஸைத் தாண்டி எட்டு வைத்து, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் புகுந்து, ஒருக்களித்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகள் நிற்கிற இடம் அதுதான். தொட்டியில் யாருடைய டியூபோ தன் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.  

வாயைத் திறந்தால் கெட்டுப்போகும் என்று டீ போட்டாள். அதற்குள் லாரிக்காரன் ஒருவன் டயரை உருட்டிக்கொண்டு வந்தான். அக்கா ஒரு பக்கம் லீவரைப் போட்டு நெம்பினாள். எதிர்ப்பக்கம் ஒரு இரும்புக்கை வந்து இன்னொரு லீவரைப் போட்டது. லாரிக்காரன் கண்ணை உருட்டினான்.

"என்னக்கா, கவசக்காரங்கள எல்லாம் வேலைக்கு வச்சுட்டியா?"

"கூலி கேக்காத ஆளு. உனக்கென்ன வந்தது? அந்த ரிம்மைப் பிடி" என்றாள் அக்கா.

டியூபை உருவி, பொத்தலைச் சுரண்டி, சொல்யூஷன் பூசினார்கள்.  நாலு வருஷத்தில் அக்கா இப்படி நிறைந்த மனதோடு ஒரு ஒட்டு வேலை பார்த்ததில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கோட்டைத் தலைவர்.

"என்ன பயம்னு சொன்னாங்களா?" என்று அந்த வீரரைக் கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றது தகரக் குரல்.

"சொல்லுங்கம்மா."

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. உங்க சபையிலதான் சேர்ந்தா. நாலு வருஷமா ஒரு தகவலும் இல்ல. உயிரோட இருக்காளா, நல்லா இருக்காளான்னு பயம். இது பொய்னு எழுதிக்கிட்டாலும் எழுதிக்கோங்க."

 தலைவரின் தலைக்கவசம் அந்தச் சந்துப்பக்கம் மெல்லத் திரும்பியது. "இங்க வந்து போனவங்கள்ல யாரையாவது உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"எல்லாம் ஒரே தகரம். இதுல அடையாளத்த நான் எங்க போய்த் தேடுறது?" என்றாள் அக்கா. லாரிக்காரன் சிரித்துவிட்டான்.

"இந்தப் பயத்துக்கு எங்க ஆள் என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய வேணாங்க. கூட இருந்தாங்கல்ல, அதுவே போதும்."

தலைவர் தலையசைத்தார். சட்டப்படி கேட்க வேண்டியவர் காவல் நின்றவர். சந்திலிருந்து அந்த உருவம் வெளியே வந்து கையை நீட்டியது.

"பயம் தீர்ந்ததா?"

தகரக் குரல்தான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் நின்று, பிறகுதான் வந்தது. இல்லை என்று சொன்னால் இன்னும் ஒருநாள் கூட வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருநாளில் தன் வாயோ கண்ணோ காட்டிக்கொடுத்துவிட்டால், அப்புறம் பனிச்சாவடி. அக்கா அந்தக் கையுறையைப் பிடித்தாள்.

"தீர்ந்துடுச்சுங்க" என்று சொல்லிக் கையை விட்டாள்.

அந்தக் கை விடவில்லை. இரும்பு விரல்கள் அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. தலைவர் இன்னும் வாசலிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற மகளை இன்னொரு தடவை வழியனுப்பித்தான் ஆகவேண்டும், அதுவும் யாரோ எவரோ மாதிரி. ஒட்டுக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் எடுக்கிற குரலைத்தான் அக்கா எடுத்தாள்.

"கையை விடுங்க வீரரே. சொல்யூஷன் காயுது, எனக்குத் தலைக்குமேல வேலை கெடக்கு."