கட்டில் வாடகை

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது, மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவே வாசலில் வந்து நின்றது. "அங்க வெலவாசி எப்படிங்க?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வியும். "முடி வெட்டற காசுல இங்க ஒரு மாசத்துக்குப் பால் வாங்கலாம்" என்பார். "ஒரு கிலோ தக்காளி வெலைக்கு இங்க ஒரு கூடையே தூக்கிட்டு வந்துடலாம்" என்பார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். முடி வெட்டவே அவ்வளவு கொடுக்கிற மனுஷனிடம் எவ்வளவு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. விலை ஏற ஏற அவருடைய மதிப்பும் ஏறியது. எனக்கோ ஒவ்வொரு விலையைக் கேட்கும்போதும் பயம்தான் ஏறியது.

ஏனென்றால், திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. கல்யாணத்தின்போது என் அப்பாவுக்கு அவர் கொடுத்த வாக்கு அது. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. டிக்கெட்டுக்காக என் மாடுகள் இரண்டையும் விற்பதாக முடிவு. வியாழக்கிழமை தரகர் வருவதாக இருந்தார். கன்றுக்குட்டியிலிருந்து நான் வளர்த்த மாடுகள். சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிற காசில்தான் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரு ரவிக்கைத் துணிக்குக்கூட யாரிடமும் போய் நின்றதில்லை. ஆனால் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெளிநாடு கசக்குதாம் இவளுக்கு என்று ஊர் சிரிக்கும். அவர் மனசும் நோகும்.

புதன்கிழமை சாயங்காலம் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அங்கத்துச் செலவைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு, சோப்பு, பஸ். "அப்புறம் கட்டில் வாடக" என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுப்போம், ஜமக்காளம் எடுப்போம். படுக்கிற கட்டிலுக்குமா வாடகை? எனக்கு எரிச்சலாக வந்தது.

"மாசாமாசம் கட்டிலுக்கு வாடக குடுக்கற ஆளு நீங்க ஒருத்தருதாங்க. ஒண்ணு வாங்கிப் போட்டுக்கக் கூடாதா? நம்ம வூட்டுக் கயித்துக் கட்டிலப் பிரிச்சுக் கட்டித் தரேன், பிளேன்ல எடுத்துக்கிட்டுப் போலாம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, அங்க கட்டிலுதான் வூடு" என்றவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "ஒரு ரூமுக்குள்ள எட்டுக் கட்டிலு. ரூமு வாடக குடுத்துக் கட்டாதுன்னு ஆளுக்கொரு கட்டில மட்டும் எடுப்போம். எனக்கு அதுவும் பாதிதான். ராத்திரி நானு, பகல்ல வேற ஒருத்தரு. அவரு எந்திரிச்சாத்தான் நான் படுக்க முடியும்."

என் கை நின்றுவிட்டது. "அப்ப என்னைய எங்கங்க படுக்க வெப்பீங்க?"

தனி அறை எடுத்தால் சம்பளத்தில் முக்கால்வாசி அதற்கே போய்விடும் என்று மெதுவாகச் சொன்னார். "வரலன்னு நீயே சொல்லிடுவியான்னு வந்த நாளா பாக்கறேன். எந்தக் கழுதையும் வெளிநாடு வேண்டாமுன்னு சொல்ல மாட்டேங்குது."

"இந்தக் கழுதைக்கு இப்பத்தாங்க வாய் வந்துச்சு. நான் வரல."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மொச்சைக் குழம்புக்கு இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாக்கி இருக்கிற ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றார்.

மறுநாள் தரகர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாடு கொடுப்பதாக இல்லை என்றேன். பொம்பளை பேச்சு என்று அவர் நினைத்திருப்பார்.

"வூட்டுக்காரர எழுப்புங்கம்மா. அவருகிட்டப் பேசிக்கறேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கையையும் காலையும் பரப்பிப் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலின் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்ப மாட்டேங்க" என்றேன். "இங்க அந்தக் கட்டிலு முழுக்க அவருக்குத்தான்."